ஏலக்காய் விலைப் பட்டியலில் இன்னும் மூன்று எண்கள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் வணிகப் பக்கத்து மூலையில் வரும் ஏலக்காய் விலையைக் காலைக் காபி ஆறுவதற்குள் பார்த்துவிடுகிற ஆள் நான். வீடு கம்பத்தில். கம்பம் மெட்டு ஏறிப் புற்றடி தாண்டினால் இரண்டு ஏக்கர் ஏலத்தோட்டம். அதற்கு முன்பு இருபத்தெட்டு ஆண்டுகள் பள்ளியில் கணக்கு வாத்தியார். இரண்டு பிழைப்பும் சேர்ந்துதான் இந்தக் கடிதத்தை எழுத வைத்திருக்கின்றன.

போடியிலும் புற்றடியிலும் ஸ்பைசஸ் போர்டின், அதாவது மத்திய அரசின் நறுமணப் பொருள் வாரியத்தின், மின்னணு ஏலம் முடிந்ததும் வரும் அறிக்கையில் எத்தனை லாட் (ஒரே விலைக்கு மொத்தமாக ஏலம் போகும் குவியல்), எத்தனை கிலோ வந்தது, எத்தனை கிலோ விற்றது, உச்ச விலை என்ன, சராசரி விலை என்ன என்று இருக்கும். நீங்கள் கடைசி இரண்டை மட்டும் எடுத்துப் போடுகிறீர்கள். அடிமட்ட விலை எதுவென்று யாருக்கும் தெரிவதில்லை. பெரும்பாலான காய் எந்த விலைக்குப் போனது என்பதும் தெரிவதில்லை.

இதனால் என்ன கெட்டுப்போகிறது என்று கேட்கலாம். 2019 ஆகஸ்ட் மாதம் புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ ஏழாயிரம் ரூபாய் வரை போனது உங்களுக்கு நினைவிருக்கும். முந்தைய ஆண்டு வெள்ளம், அதன்பின் கோடை வறட்சி, மலையில் பாதிச் செடி இல்லை. அதனால் வந்த விலை. அந்தச் செய்தி வந்த மறுநாள் விடியற்காலையில், கம்பத்தில் ஜீப்புக்காகத் தூக்குச்சட்டியோடு நின்ற பெண்களில் ஒருவர், எங்கள் தோட்டத்துக்குப் பல வருடமாகக் காய் எடுக்க வருகிறவர், என்னிடம் கேட்டார்: “அண்ணே, கிலோ ஏழாயிரம் போகிறதாமே, கூலியில் ஐம்பது ரூபாய் கூட்டித் தரக் கூடாதா?” கேட்டது நியாயம்தான். ஆனால் அந்த வாரம் நான் போட்ட காய்க்கு அதில் பாதிகூட வரவில்லை. நம்புவாரா? “பேப்பரிலேயே போட்டிருக்கிறார்களே” என்றார். என்னைக் கஞ்சன் என்று அன்று ஜீப்பில் பேசிக்கொண்டே போயிருப்பார்கள். மச்சான் ஒருவர் கடன் கேட்டு வந்தது தனிக்கதை.

ஏழாயிரம் பொய் இல்லை. ஏதோ ஒரு லாட்டுக்குக் கிடைத்தது. ஏல அரங்கில் ஒரு லாட்டுக்கும் அடுத்ததற்கும் ஏன் இவ்வளவு வித்தியாசம் என்பது காய் உலர்த்தும் ஸ்டோரில் நின்று பார்த்தால் புரியும். ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக்காய் உலர்ந்தால் ஒரு கிலோ. தீ கொஞ்சம் கூடிவிட்டால் பச்சை நிறம் போய் வெளுத்துவிடும். ஈரம் நின்றுவிட்டால் மூட்டையிலேயே பூத்துப்போகும். உலர்ந்ததைத் தேய்த்து, சல்லடையில் போட்டால் எட்டு மில்லிமீட்டருக்கு மேல் நிற்கும் காய் ஒரு குவியல், ஏழு முதல் எட்டு ஒரு குவியல், கீழே விழுந்தது ஒரு குவியல். இலைப்பேன் என்ற பூச்சி கடித்துச் சொறி விழுந்த காய், வாய் பிளந்த காய் தனி. பிறகு லிட்டர் படியில் நிரப்பி எடை போடுவார்கள். நானூறு கிராமைத் தாண்டினால் வியாபாரியின் முகம் மாறும். ஒரே தோட்டத்தில், ஒரே நாளில் எடுத்த காயிலேயே இத்தனை விலை. மலை முழுவதையும் ஒரே சராசரியில் அடக்கினால் என்ன மிஞ்சும்?

ஒரு சின்னக் கணக்கு. எண்கள் நான் போட்டவை, லாட்டுகள் எல்லாம் ஒரே எடை என்று வைத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை ஐந்து லாட்: 2380, 2390, 2400, 2410, 2420. செவ்வாய்க்கிழமை ஐந்து லாட்: 1900, 2100, 2200, 2400, 3400. இரண்டு நாளும் சராசரி 2400. உங்கள் பட்டியலைப் பார்ப்பவர், விலை அப்படியே நிற்கிறது, உச்ச விலை மட்டும் ஆயிரம் ஏறியிருக்கிறது, சந்தை சூடு பிடிக்கிறது என்று நினைப்பார். உண்மையில் செவ்வாய்க்கிழமை ஐந்து பேரில் மூவர் திங்கட்கிழமையின் அடிமட்ட விலைகூடக் கிடைக்காமல் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். நடுவில் நிற்கும் லாட்டைப் பார்த்தால் இது உடனே தெரியும்: திங்கள் 2400, செவ்வாய் 2200.

பத்தாம் வகுப்பில் நாங்கள் திட்டவிலக்கம் என்று ஒன்றைச் சொல்லிக் கொடுக்கிறோம். ஒவ்வொரு விலையும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்த்து, வர்க்கப்படுத்தி, கூட்டி, எண்ணிக்கையால் வகுத்து, வர்க்கமூலம் எடுப்பது. திங்களுக்கு அது 14 ரூபாய். செவ்வாய்க்கு 525. பரவலைக் காட்டும் நல்ல அளவைதான். ஆனால் அந்த 3400 லாட்டை மட்டும் எடுத்துவிட்டுப் பாருங்கள்: 525 ஒரேயடியாக 180 ஆகிவிடும். விலகலை வர்க்கப்படுத்துவதால், தூரத்தில் நிற்கும் ஒரே ஒரு காய்க்காரர் மொத்தக் கணக்கையும் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறார். எந்த வடிவத்தில் தரவு இருந்தாலும் முக்கால் பங்காவது இரண்டு திட்டவிலக்கத்துக்குள் இருக்கும் என்று செபிஷேவ் என்ற ரஷ்யக் கணித அறிஞர் 1867-இல் நிரூபித்தார். சரி. செவ்வாய்க்கிழமைக்கு அதன்படி 1350-க்கும் 3450-க்கும் நடுவே. இதை வைத்துக்கொண்டு எந்த விவசாயி காயை இன்றைக்குப் போடுவதா, அடுத்த வாரம் போடுவதா என்று முடிவு செய்வார்? மணி வடிவத்தில் இருபுறமும் ஒன்றுபோலச் சரியும் தரவாக இருந்தால் திட்டவிலக்கம் அழகாகப் பேசும். விலைகள் அப்படி இல்லை. மேல் பக்கம் வால் நீளமானது, அதாவது சில லாட்டுகள் மட்டும் மற்றவற்றைவிட வெகு உயரத்தில் நிற்கும். இதை நான் வகுப்பில் அழுத்திச் சொன்னதில்லை. ஐந்து மதிப்பெண் கணக்காகவே நடத்தி முடித்துவிட்டேன், அந்த வருத்தம் உண்டு.

“ஏலக்காய் விலை சரிவு” என்ற தலைப்புக்கும் இது பொருந்தும். சராசரி நாற்பது ரூபாய் குறைந்தால் உடனே அந்தத் தலைப்பு வந்துவிடுகிறது. ஒரு நாளில் 200 லாட், லாட்டுகளுக்கு இடையே திட்டவிலக்கம் 250 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், சராசரிக்கே 18 ரூபாய் அளவுக்கு ஆட்டம் இருக்கும் (250-ஐ 200-இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் வருவது); இரண்டு நாள் சராசரிகளின் வித்தியாசத்துக்கு 25 ரூபாய் (அதை 2-இன் வர்க்கமூலத்தால் பெருக்கியது). அப்படியிருக்க நாற்பது ரூபாய் என்பது சரிவாகவும் இருக்கலாம், அன்றைக்கு மட்டமான காய் கொஞ்சம் கூடுதலாக வந்ததாகவும் இருக்கலாம். வருகிற லாட்டுகள் சீட்டுக் குலுக்கி எடுத்தவையும் அல்ல; ஒவ்வொரு நாளும் வேறு வேறு நிறுவனம் ஏலம் நடத்துகிறது, ஒவ்வொன்றுக்கும் காய் போடும் ஆட்கள் வேறு. ஆனாலும் மலைச்சரக்குக் கடைக்காரர் அந்தத் தலைப்பை மடித்துக் கல்லாவில் வைத்துக்கொண்டு, ஏலத்துக்குக் கொண்டுபோக முடியாமல் பத்துக் கிலோ எடுத்துவருகிறவரிடம் நூறு ரூபாய் குறைத்துக் கேட்கிறார்.

2022-இல் சராசரி ஆயிரத்துக்கும் கீழே கிடந்தபோது லாட்டுக்கு லாட் இருநூறு ரூபாய் வித்தியாசம் என்றால் அது உயிர்போகிற வித்தியாசம். நாலாயிரம் விற்கும்போது அதே இருநூறு இருபதில் ஒரு பங்குதான். எனவே பரவலை ரூபாயில் மட்டும் சொல்லாமல் சராசரியில் எத்தனை சதவீதம் என்றும் எப்போதாவது, மாதம் ஒருமுறை ஒரு கட்டுரையிலாவது, போடலாம். மாறுபாட்டுக் கெழு என்று அதற்குப் பெயர். பெயரைப் போட வேண்டாம், எண்ணைப் போட்டால் போதும்.

தினசரிப் பட்டியலுக்கு நான் கேட்பது மூன்றே எண். அன்று விற்ற லாட்டுகளை விலைப்படி வரிசையாக நிறுத்தினால் கால் பங்கில் நிற்கும் லாட்டின் விலை, நடுவில் நிற்கும் லாட்டின் விலை, முக்கால் பங்கில் நிற்கும் லாட்டின் விலை. கால் விலை, நடு விலை, முக்கால் விலை என்று தலைப்பிட்டால் ஜீப்பில் போகிறவருக்கும் புரியும். உச்ச விலையை எடுக்கச் சொல்லவில்லை, அது இல்லாவிட்டால் எங்கள் ஊர் டீக்கடைகளில் பேச்சே இருக்காது. லாட் வாரியான விலை ஏலக் கணினியிலேயே பதிவாகிறது. கேட்டு வாங்குவதும் வரிசைப்படுத்துவதும்தான் வேலை. ராசிபலன் பெட்டியை ஒரு வரி குறைத்தால் இடமும் கிடைத்துவிடும்.

கணக்குப் பார்க்க ஆள் இல்லை என்று சொல்வீர்களானால், மாலையில் அந்தப் பட்டியலை எனக்கு அனுப்பிவையுங்கள். இருட்டுவதற்குள் எண்ணி அனுப்புகிறேன். கூலி வேண்டாம். ஜீப் ஸ்டாண்ட் டீக்கடையில் தினம் ஒரு பேப்பர் இலவசமாகப் போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர், ஏல விவசாயி,
கம்பம்.