அது மாத்திரை கட்டி வச்ச வைரஸ்

ஆசிரியருக்கு வணக்கம்,

மருந்தே எடுக்காம ஹெச்ஐவிய அடக்கி வச்சிருக்கறவங்கள பத்தி போன ஞாயித்துக்கிழமை நீங்க போட்ட கட்டுரைய படிச்சேன். விஷயம் உண்மைதான், ஆனா கடைசி பாராவுல எதிர்ப்பு சக்தி நல்லா இருந்தா யாருக்கும் இது முடியும்ங்கற மாதிரி ஒரு வரி வருது பாருங்க, அதுக்காகத்தான் இந்த லெட்டர். நான் பதினோரு வருஷமா ஏஆர்டி சென்டர்ல, அதாவது ஹெச்ஐவிக்கு மாத்திரை குடுக்கற இடத்துல கவுன்சிலர். திங்கட்கிழமை காலைல ஒரு அக்கா அந்தப் பக்கத்த கிழிச்சு மடிச்சு பர்ஸ்ல வச்சு எடுத்துட்டு வந்துட்டாங்க. ஆறு வருஷமா மாத்திரை சாப்பிடறவங்க, ரத்தத்துல வைரஸ் எவ்வளவுன்னு பாக்கற வைரல் லோடு ரிப்போர்ட்ல வைரஸ் தென்படலன்னுதான் வருது, "எனக்கும் இந்த மாதிரி உடம்புதானோ மேடம், கொஞ்ச நாள் மாத்திரைய விட்டுப் பாக்கட்டா"ன்னு கேட்டாங்க. அவங்க வந்து கேட்டாங்க, கேக்காமலே விட்டவங்க எத்தன பேரோன்னு அன்னிக்கு நைட் எனக்கு தூக்கமே வரல.

அந்த உடம்பு எப்படிப்பட்டதுன்னு கொஞ்சம் சொல்லிடறேன். எலைட் கன்ட்ரோலர்னு சொல்றாங்களே அவங்க தொற்று உள்ளவங்கள்ல நூத்துக்கு ஒருத்தர்கூட தேற மாட்டாங்க, மாத்திரை இல்லாமலே ஒரு மில்லி ரத்தத்துல வைரஸ் 50 காப்பிக்கு கீழயே நிக்கும். இதுல முக்கியமான வேலைய செய்யறது சிடி8 செல்ங்கற ஒரு வகை வெள்ளை அணு. நம்ம ஒவ்வொரு செல்லும் உள்ள என்ன புரோட்டீன் தயாராகுதுன்னு ஒரு சின்ன துண்ட எடுத்து வெளிய நீட்டிக் காட்டும், அப்படி புடிச்சு நீட்டற கைதான் ஹெச்எல்ஏ. வைரஸோட துண்டு தெரிஞ்சா சிடி8 செல் வந்து அந்த செல்லயே கொன்னுடும். ஆனா ஹெச்ஐவி சும்மா இருக்காது, மாட்டின இடத்த மாத்திக்கிட்டு தப்பிச்சிடும், நிறைய பேருக்கு அங்கதான் கோட்ட விட்டுப்போகுது. பி57, பி27ங்கற ஹெச்எல்ஏ வகை இருக்கறவங்க சிலருக்கு அந்த கை நீட்டறது வைரஸோட உள் கூட்டுல இருக்கற, மாத்தவே முடியாத இடத்த. வீட்டு சுவத்துக்கு எத்தன தடவ வேணா பெயிண்ட் மாத்தலாம், உத்தரத்துல கை வச்சா வீடே இறங்கிடும்ல, அந்த மாதிரி இடம். மாத்தினா வைரஸே நொண்டியாயிடும்.

2010ல பாஸ்டன் பக்கத்து டாக்டர் புரூஸ் வாக்கர் குழு உலகம் பூரா கிட்டத்தட்ட ஆயிரம் கன்ட்ரோலர்களோட ஜீன பாத்தாங்க, வித்தியாசம் வந்து நின்னது அந்த ஹெச்எல்ஏ கை துண்ட புடிக்கற பள்ளத்துலதான். (பி27ன்னு படிச்சதும் முதுகு வலிக்கு டாக்டர் எழுதிக் குடுக்கற டெஸ்ட் ஞாபகம் வரும், அதே பி27தான், முதுகெலும்ப இறுக்கற வாத நோயோடயும் அதுக்கு சம்பந்தம் இருக்கு.) இந்த ஹெச்எல்ஏ வகை அப்பா அம்மா கிட்டருந்து வர்றது, கஷாயம் குடிச்சோ சத்து மாவு சாப்பிட்டோ வாங்க முடியாது. பி57 இருந்தும் வைரஸ் ஏறினவங்க நிறைய பேர், இல்லாமலே அடக்கினவங்களும் இருக்காங்க.

2020ல வந்த ஆராய்ச்சி என்னைய ரொம்ப யோசிக்க வச்சது. 64 கன்ட்ரோலர்களோட செல்லுக்குள்ள இருக்கற டிஎன்ஏவுல வைரஸ் எங்க ஒட்டியிருக்குன்னு தேடினா, ஜீனே இல்லாத பாலைவனம் மாதிரி இடத்துல போய் கிடக்குது, அங்கருந்து எந்திரிச்சு வர்றது கஷ்டம். எந்திரிக்கக்கூடிய இடத்துல இருந்தத எல்லாம் வருஷக்கணக்கா சிடி8 செல்லுங்க கொன்னு கொன்னு மிச்சம் இதுதான்னு நினைக்கறாங்க. அதுல கலிபோர்னியாவுல 1992ல பாசிட்டிவ்னு தெரிஞ்ச லோரீன் வில்லன்பெர்க்கும் ஒருத்தர், அவங்க ரத்தத்துல 150 கோடி செல்லுக்கு மேல தேடியும் முழுசா ஒரு வைரஸ் கெடைக்கல. 2021ல அர்ஜென்டினாவுல எஸ்பெரான்சாங்கற ஊர்ல இன்னொரு பெண், இவங்களுக்கும் கெடைக்கல. எஸ்பெரான்சான்னா ஸ்பானிஷ்ல நம்பிக்கைன்னு அர்த்தமாம், நம்ம ஊர்ல டெஸ்ட் எடுக்கற இடத்துக்கும் நம்பிக்கை மையம்னுதான் பேர். படிச்சப்ப கண்ணு கலங்கிடுச்சு.

ஆனா இவங்க யாரும் மாத்திரைய நிறுத்திப் பாத்து கன்ட்ரோலர் ஆகல சார், மொதல்லருந்தே வைரஸ் ஏறல, அதனாலதான் கண்டுபுடிச்சாங்க. அதுலயும் பல பேருக்கு உள்ளுக்குள்ள அழற்சி சாதாரண ஆளுங்கள விட ஜாஸ்தியா இருக்கு, சிலருக்கு வருஷம் போகப் போக கட்டுப்பாடு விட்டும் போயிருக்கு.

மாத்திரைய விட்டு விட்டு சாப்பிட்டா என்னாகும்னு 5,472 பேர வச்சு பெரிய டெஸ்ட்டே நடந்தது, ஸ்மார்ட்னு பேர், நிறுத்தினவங்களுக்கு நோயோ சாவோ வர்ற ஆபத்து 2.6 மடங்குன்னு தெரிஞ்சதும் 2006லயே அத நிப்பாட்டிட்டாங்க. பொதுவா நிறுத்தின ரெண்டு மூணு வாரத்துலயே வைரஸ் திரும்ப தலை தூக்கிடும்.

அந்த அக்காவோட வெள்ளை அட்டைய எடுத்து முதல் பக்கத்த காட்டினேன். டிபி வந்து ஆஸ்பத்திரில சேந்தப்பதான் டெஸ்ட்டே எடுத்தாங்க, மாத்திரை ஆரம்பிக்கறப்ப சிடி4, அதாவது ஹெச்ஐவி அழிக்கற எதிர்ப்பு சக்தி செல்லோட எண்ணிக்கை, வெறும் 140. "உங்க உடம்பு தானா அடக்கியிருந்தா இந்த நம்பர் இப்படி இருக்குமாக்கா, இப்ப வைரஸ் தெரியலன்னா அத கட்டி வச்சிருக்கறது நீங்க தினம் போடற மாத்திரை"ன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் அந்த அட்டையவே பாத்துட்டு இருந்தாங்க. அப்புறம் அந்த மாச மாத்திரைய வாங்கிட்டுத்தான் போனாங்க, அவங்க கிட்ட கேட்டுத்தான் இத எழுதறேன்.

அடுத்த இதழ்ல அந்த ஒரு வரிய திருத்திப் போடுங்க சார். மாத்திரை சாப்பிடறவங்க டாக்டர கேக்காம ஒரு நாள்கூட நிறுத்தக்கூடாதுன்னு கட்டுரை வந்த அதே பக்கத்துல, அதே சைஸ் எழுத்துல வரணும், கூட 1097 இலவச ஹெல்ப்லைன் நம்பரும் போடுங்க. என் பேர் வேணாம்.

ஒரு ஏஆர்டி கவுன்சிலர்,
திண்டுக்கல் மாவட்டம்