அரிசி பில்லும் அஞ்சு ஏக்கர் குத்தகையும்

தம்பிக்கு, அம்மா எழுதுறேன். இங்க எல்லாரும் நல்லா இருக்கோம், பாப்பாவுக்கு சளி விட்டுச்சான்னு எழுது.

நீ ஒரே நாள்ல ரெண்டு போட்டோ அனுப்பியிருக்க, ஒண்ணு சூப்பர்மார்க்கெட் பில்லு, கீழ "பாரும்மா 640 ரூபா மிச்சம்"னு எழுதி, இன்னொண்ணு திருத்துறைப்பூண்டிக்கு அந்தாண்ட 5 ஏக்கர் குத்தகைக்கு இருக்குன்னு யாரோ போட்ட விளம்பரம். போன்ல பேசலாம்னா நீ லேப்டாப்ப பாத்துக்கிட்டே "சரிம்மா சரிம்மா"ங்கற, ஒண்ணும் காதுல ஏறுறதில்ல, அதான் எழுதுறேன். அப்பா பக்கத்துலதான் ஈஸி சேர்ல உக்காந்திருக்காரு, நடுவுல அவரு சொல்றதும் வரும், பொறுத்துக்க.

மொதல்ல பில்லு. அந்த 640 மிச்சம்ங்கறது எம்.ஆர்.பி.யிலேர்ந்து கழிச்ச கணக்கு. எம்.ஆர்.பி.ன்னா அதுக்கு மேல விக்கக் கூடாதுன்னு இருக்கற வெலை, அந்த வெலைக்குதான் ஊரு உலகமெல்லாம் விக்கிதுன்னு அர்த்தம் இல்ல. உங்க தெரு அண்ணாச்சியே சோப்பு, பருப்பு எல்லாம் எம்.ஆர்.பி.க்கு கீழதான் குடுப்பாரு, அவரு பில்லுல "மிச்சம்"னு அடிச்சுத் தர்றதில்ல, அவ்ளோதான். அண்ணாச்சி வெலையோட ஒட்டிப் பாத்துட்டு அப்பறம் சொல்லு எவ்ளோ மிச்சம்னு.

எண்ணெய் 1 லிட்டர்னு நெனச்சு வாங்கியிருக்க, பில்ல பெருசு பண்ணி பாத்தேன், 850 கிராம்னு இருக்கு. ஒரு லிட்டர் எண்ணெய் எடை போட்டா 910 கிராம் வரும். 60 கிராம் கொறச்சு ஊத்தி 8 ரூபா கொறச்சா அது என்ன ஆஃபர், அவன் ஊத்தாத எண்ணெய்க்கு அவன் காசு வாங்கல, அவ்வளவுதானே. பாக்கெட்டுல எம்.ஆர்.பி.யோட ஒரு கிராம் இவ்ளோ, ஒரு மில்லி இவ்ளோன்னும் போடணும்னு சட்டம், பொடி எழுத்துலதான் இருக்கும், ஒரு கிலோவுக்கு கீழ இருந்தா கிராம் கணக்கு, மேல போனா கிலோ கணக்கு. கண்ணாடி போட்ட நானே அத படிச்சுட்டுதான் எடுக்கறேன், உனக்கென்ன. பெரிய பாக்கெட்டுதான் லாபம்னு எடுத்த உடனே முடிவு பண்ணாத, ஷாம்பு எல்லாம் பல சமயம் பாட்டில விட ஒத்தை சாஷே கணக்குக்கு மலிவா நிக்கும்.

ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசம்னு எடுத்தியே அந்த ஓட்ஸ், தேதிய பாத்தியா? அடுத்த மாசத்தோட முடியுது. உங்க வீட்டுல அத யாரு திங்கிறா? மருமவ கண்டிப்பா இல்ல, அவ ஒரு நாளைக்கு ஒரு தோசையே பெரும்பாடா திங்கிறா. கெட்டுப் போகாத சாமான், சோப்பு, பேஸ்டு, சோப்புத்தூள், பாத்திரம் தேய்க்கிறது, இதுல எல்லாம் வாராவாரம் ஆஃபர் மாறி மாறி வரும், மலிவா வர்ற வாரம் ரெண்டு மாசத்துக்கு எடுத்துப் போட்டுடு, அது உண்மையான லாபம். இங்க மன்னார்குடியிலயும் இப்ப பேப்பருக்குள்ள சொருகி நோட்டீஸ் வருது, நான் நோட்டீஸ வெச்சுக்கிட்டு என்ன வாங்கலாம்னு பாக்கறதில்ல, வீட்டுல என்ன தீந்துருக்குன்னு எழுதி வெச்சுக்கிட்டு அது நோட்டீஸ்ல இருக்கான்னு பாப்பேன். தொவரம்பருப்பு ரேஷன்ல கிலோ 30 ரூபாக்கு தர்றான், பாமாயில் 25, உங்க கார்டு பீரோவுல தூங்குது.

அரிசிதான் எனக்கு வயித்தெரிச்சல். 5 கிலோ பொன்னி 395 ரூபா, அதுவும் ஆஃபர்ல. கிலோ 79. சின்ன பேக்குல 5 சதவீதம் ஜி.எஸ்.டி. வேற உக்காந்திருக்கு, 2022 ஜூலையிலேர்ந்து 25 கிலோ வரைக்கும் பேக் பண்ணி லேபிள் ஒட்டுன அரிசிக்கு வரி, அதுக்கு மேலன்னா கிடையாது, அதனாலதான் கடையில 26 கிலோ சிப்பம்னு வந்து நிக்கிது, நீ கூட இது என்னம்மா புதுக் கணக்குன்னு கேட்டியே. இங்க டி.பி.சி.யில, அதான் கவர்மெண்டு நெல்லு கொள்முதல் நிலையத்துல, 2025 செப்டம்பர்லேர்ந்து பொது ரகம் குவிண்டால் 2500, சன்ன ரகம் 2545, அதாவது கிலோ நெல்லு 25 ரூபா. 100 கிலோ நெல்ல அரைச்சா 65 கிலோ பக்கம் அரிசி தேறும், அப்படிப் பாத்தா அரிசி கிலோ 38 ரூபா சொச்சம்தான் ஆவுது. நீ சாப்புடற ரகமும் டி.பி.சி.க்குப் போடற ரகமும் ஒண்ணு இல்லதான், அவிக்கிற கூலி அரைக்கிற கூலி லாரி வாடகை பழசாக்கி வெக்கிற செலவு எல்லாம் இருக்குதான், இருந்தாலும் 38க்கும் 79க்கும் நடுவுல எத்தன பேரு உக்காந்திருக்காங்கன்னு பாத்துக்க. நீ இப்ப 79 குடுக்கற பக்கம் நிக்கிற, குத்தகைக்கு எடுத்தா 25 வாங்குற பக்கமும் வந்து நிப்ப. வேணாங்கல, தெரிஞ்சுக்கிட்டு வா.

வீட்டு அரிசி ஒரு மூட்டை பார்சல் ஆபீஸ்ல போட்டு விடச் சொல்லியிருக்கேன், அந்த 5 கிலோ தீந்ததும் திரும்ப வாங்காத.

இப்ப குத்தகை. மாவுக்கு ரெண்டு மூட்டை நெல்லுதாம்மா கேக்கறாங்கன்னு சந்தோஷமா எழுதியிருக்க, மூணு மா ஒரு ஏக்கர். இந்தப் பக்கம் அதுக்கு ரெண்டு மடங்கு குடுத்து எடுக்க ஆளு நிக்கிது, அங்க மட்டும் ஏன் பாதி? விளம்பரம் போட்டு ஆள் தேடுற அளவுக்கு நல்ல நிலம் நம்ம பக்கம் சும்மா கெடக்காது தம்பி, பக்கத்து வரப்புக்காரன் மொத ஆளா வந்து கேட்டுருப்பான். அதனால நீ மொதல்ல போயி பேச வேண்டியது நிலத்துக்காரர்ட்ட இல்ல, அந்தப் பக்கத்து வயக்காரங்கிட்ட. டீக்கடையில உக்காந்து ஏன் நீங்க எடுக்கலன்னு ஒரு வார்த்த கேளு, மீதிய அவரே சொல்லிடுவாரு.

என்ன சொல்வாருன்னு எனக்கு ஓரளவு தெரியும். அது கடைமடை, ஆத்துத் தண்ணி கடைசியா போயி சேர்ற எடம். மேட்டூர் அணைய ஜூன் 12ல தொறப்பாங்கன்னு பேரு, 2024ல ஜூலை 28தான் தொறந்தாங்க, 2023ல 12ஆம் தேதியே தொறந்தும் அக்டோபர் 10ல மூடிட்டாங்க. தொறந்த தண்ணியும் கல்லணைக்கு வந்து, வெண்ணாத்துல எறங்கி, நீடாமங்கலம் மூணாறு தலைப்புல வெண்ணாறு கோரையாறு பாமணியாறுன்னு பிரிஞ்சு, அப்பறம் வாய்க்கா, கிளை வாய்க்கான்னு போயி, நெய்வேலி காட்டாமணக்கு மண்டிக் கெடக்கற இடத்துல எல்லாம் மொடங்கி, அந்த வயலுக்குப் போயி சேர்றதுக்குள்ள மேல உள்ளவன் நடவே முடிச்சிருப்பான். தண்ணி வருதான்னு மட்டும் கேக்காத, வடியுதான்னு கேக்கச் சொல்லுன்னு அப்பா சொல்றாரு. 2021 பொங்கல் சமயத்துல பேஞ்ச மழை ஞாபகம் இருக்கா, அறுக்க வேண்டிய சம்பா சாஞ்சு வயல்லயே மொளச்சுச்சே, வடிகா தூந்து போன வயலுங்கதான் அதுல ரொம்ப அடி வாங்குச்சு. நிலத்த பாக்கப் போறதா இருந்தா ஐப்பசி கார்த்திகை அடமழையில போயி பாரு, மாசி வெயில்ல பாத்தா எல்லா வயலும் நல்லாத்தான் தெரியும்.

போர்செட் இருக்குன்னு விளம்பரத்துல போட்டிருக்கான். அந்தப் பக்கம் கடல் கிட்ட, தண்ணி உப்பா இருக்கும், வாயில ஊத்திப் பாத்தாலே பாதி தெரியும், மீதிக்கு மண்ணையும் தண்ணியையும் எடுத்துக்கிட்டு நீடாமங்கலம் வேளாண் அறிவியல் நிலையத்துல போயி கேளு. கரண்டு சர்வீஸ் யாரு பேர்ல இருக்கு, மோட்டார் காயில் எரிஞ்சா யாரு கட்டித் தர்றது, இதெல்லாம் முன்னாடியே பேசிடணும். அறுவடை மெஷின் உள்ள போக பாதை இருக்கான்னும் பாரு, சில வயலுக்கு அடுத்தவன் வயல் வழியாத்தான் போவணும், அவன் அறுக்கற வரைக்கும் நம்ம கதிர் நின்னு கொட்டிப் போகும்.

அப்பறம் நிலம் யாரோடது? பட்டா சிட்டா ஆன்லைன்லயே பாக்கலாம், நீதான் கம்ப்யூட்டர்ல இருக்கியே, சர்வே நம்பர வாங்கிப் பாரு. கூட்டுப் பட்டாவா இருந்தா அண்ணந்தம்பி எல்லாரும் ஒத்துக்கிட்டாங்களான்னு கேளு. நம்ம டெல்டாவுல கோயில் நிலம், மடத்து நிலம் எவ்ளோ கெடக்குன்னு உனக்கே தெரியும், உன்கிட்ட குத்தகை பேசற ஆளே கோயிலுக்கு குத்தகைதாரரா இருந்து உனக்கு உள்குத்தகை விட்டார்னு வெச்சுக்க, நாளைக்கு ஒரு நோட்டீஸ் வந்தா அவரு பேரும் இல்ல உன் பேரும் இல்ல. வெலை பாதியா இருந்தா எனக்கு மொதல்ல இந்த சந்தேகம்தான் வரும்.

மூட்டைன்னா எந்த மூட்டை? ஊர்ல 60 கிலோ, டி.பி.சி.யில 40 கிலோ சிப்பம். 5 ஏக்கர் 15 மா, ரெண்டு ரெண்டா 30 மூட்டை, 60 கிலோன்னா 18 குவிண்டால், 2500 ரேட்டுக்கு 45,000 ரூபா, அதுவே 40 கிலோன்னா 30,000. எண்ணெய் பாக்கெட்டுல கோட்ட விட்டியே, அதே வெவகாரம் இங்க 15,000 ரூபாக்கு நிக்கிது. நெல்லாவே தர்றதா, பணமா, பணம்னா எந்த மாசத்து வெலை, எல்லாம் பேசிக்க. சித்திரையிலேர்ந்து சித்திரைன்னு வருஷம் வெச்சுக்க, இல்லன்னா சம்பா அறுப்புக்கு முன்னாடி தெளிச்ச உளுந்து யாருக்குன்னு தகராறு வரும், உளுந்துலதான் கையில நாலு காசு நிக்கும், அத விட்டுப்புடாத. வெள்ளம் வந்தா, தண்ணி தொறக்காம போனா குத்தகையில எவ்ளோ கழிக்கிறதுன்னும் கேளு, கேட்ட உடனே அவரு மூஞ்சி போற போக்குலயே ஆளு எப்படின்னு தெரிஞ்சுடும்.

எழுதி வாங்குன்னு சொன்னா நிலத்துக்காரங்க பயப்படுவாங்க, அதுக்குக் காரணம் இருக்கு. 1955ல வந்த சாகுபடி குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டப்படி குத்தகை கட்டிக்கிட்டு இருக்கறவன நெனச்ச நேரத்துல எறக்க முடியாது, 1956 நியாயக் குத்தகை சட்டத்துல இப்ப வெளைச்சல்ல 25 சதவீதத்துக்கு மேல வாங்கக் கூடாதுன்னு இருக்கு, 1969 சட்டப்படி தாசில்தார்கிட்ட குத்தகை பதிவும் பண்ணலாம். இதுக்குன்னே மன்னார்குடியில வருவாய் நீதிமன்றம் இருக்கு. அதனால நெறைய பேரு வாய்ப் பேச்சாவே விட்டுடறாங்க. இன்னொண்ணு கேட்டுக்க, அந்தச் சட்டம் தானோ தன் குடும்பத்து ஆளோ ஒடம்பால வேலை செஞ்சு சாகுபடி பண்றவனுக்குத்தான். சனி ஞாயிறு கார்ல வந்து வரப்புல நின்னு செல்ஃபி எடுத்துட்டுப் போற ஆளுக்கு அது கை குடுக்காது, ஆக உனக்கு எழுத்துதான் பாதுகாப்பு.

அடங்கல்னா எந்த நிலத்துல என்ன பயிர்னு வி.ஏ.ஓ. எழுதற கணக்கு, அது யாரு பேர்லன்னு பேசாம கால வெக்காத. அடங்கல் இல்லன்னா சொசைட்டி லோன் இல்ல, டி.பி.சி.யில உன் பேர்ல நெல்லு போட முடியாது, பணம் அவரு அக்கவுண்டுக்குப் போயிடும், அப்பறம் நீ அவரு வாசல்ல நிக்கணும். பயிர் இன்சூரன்சும் அப்படித்தான், சம்பாவுக்கு நம்ம கட்டறது காப்பீட்டுத் தொகையில ஒன்றரை சதவீதம்தான், ஆனா யாரு பேர்ல கட்டுதோ அவங்களுக்குத்தான் வரும். வருஷம் 6000 வர்ற பி.எம். கிசான் நிலத்துக்காரருக்குத்தான், அதுல உனக்கு பங்கு இல்ல, ஆசப்படாத.

உரக்கடை கதை தனி. யூரியா 45 கிலோ மூட்டை 266 ரூபா 50 காசுன்னு கவர்மெண்டு வெலை, ஆனா சீசன்ல சில கடையில போயி கேட்டா கூடவே ஏதாவது ஒரு டப்பாவ எடுத்தாத்தான் யூரியாங்கறான். உங்க சூப்பர்மார்க்கெட்டுல காம்போன்னு சொல்லி கொறச்சாவது குடுக்கறான், இங்க அந்த காம்போல நம்ம காசுதான் கூடப் போகுது.

நான் சொல்றது என்னன்னா 5 ஏக்கர் வேணாம். மேலத்தெரு சித்தப்பாவுக்கு முட்டி வலி, அவரு 3 மாவ இந்த வருஷம் வாரத்துக்கு, அதாவது வெளைச்சல்ல பங்குக்கு, விடறேன்னு அப்பாகிட்ட சொல்லிக்கிட்டிருக்காரு, ஆத்துப் பாசனம், வடிகாலும் இருக்கு, வெதை உரம் செலவுல பாதி அவரு. ஏக்கருக்கு 30, 35 மூட்டை கண்ட வயல். ஒரு சம்பா போட்டுப் பாரு, நாத்து விடறதுலேர்ந்து டி.பி.சி.யில தார்ப்பாய் போட்டு காவக் கெடக்கற வரைக்கும் நீயே நின்னு பாரு, லீவு எத்தன நாள் போகுதுன்னும் தெரிஞ்சுடும். அப்பறமும் திருத்துறைப்பூண்டி நிலம் வேணும்னா அது அங்கயேதான் இருக்கும், யாரும் எடுத்துக்கிட்டு ஓடிட மாட்டாங்க. அப்பா, அவன் இஷ்டத்துக்கு விடுங்கறாரு, ஆனா சித்தப்பாகிட்ட பேசுனதே அவருதான்.

வர்றதா இருந்தா சனி ஞாயிறு வராத, வி.ஏ.ஓ. ஆபீஸ் பூட்டியிருக்கும், வெள்ளிக்கிழமை லீவு போட்டுட்டு வியாழக்கிழமை நைட்டு பஸ் ஏறு. அந்த விளம்பரக்காரருக்கு அட்வான்ஸ் கிட்வான்ஸ்னு ஜிபேல எதுவும் போட்டுப்புடாத, சர்வே நம்பர மட்டும் கேட்டு வாங்கி எனக்கு அனுப்பு.

அம்மா