கொழுந்து கருகும் மாதத்தில் ஒளிச்சேர்க்கைப் பாடம்

மூணாறு, தேவிகுளம் பக்கத்துப் பள்ளிகளில் உயிரியல் நடத்தும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். நான் தேயிலை எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவன். சில வருடம் இந்தப் பாடத்தை நடத்தியும் இருக்கிறேன், அதனால் குறை சொல்லக் கொஞ்சம் உரிமை எடுத்துக்கொள்கிறேன். ஒளிச்சேர்க்கை என்றால் பச்சையம், வெயில், தண்ணீர், குளுக்கோஸ், ஒரு சமன்பாடு, மணி அடித்துவிடும். பச்சையம் எதில் பதிந்து கிடக்கிறது என்று நானும் சொல்லித் தந்ததில்லை.

அது கிடப்பது கொழுப்புப் படலத்தில். பசுங்கணிகத்துக்குள் இருக்கும் அந்தப் படலத்துக்குத் தைலகாய்டு சவ்வு என்று பெயர். அதன் கொழுப்பில் ஏறக்குறைய முக்கால் பங்கு கேலக்டோலிப்பிடு: தலையில் சர்க்கரை, பாஸ்பரஸ் கிடையாது. பாஸ்பரஸ் மண்ணில் சுலபமாகக் கிடைக்காத சரக்கு, இலைக்கு அது மிச்சம். இந்தக் கொழுப்பு வெறும் உறையும் இல்லை. சவ்வில் பதிந்து, ஒளியைப் பிடித்துத் தண்ணீரைப் பிளக்கும் புரதக் கூட்டத்துக்கு ஒளி அமைப்பு இரண்டு என்று பெயர். 2011இல் ஜப்பானியர்கள் அதன் படிகத்தை நுணுக்கமாகப் பார்த்தபோது, இரட்டையாக அமைந்த அதன் ஒவ்வொரு பாதியிலும் இருபதுக்குக் குறையாத கொழுப்பு மூலக்கூறுகள் புரதங்களோடு ஒட்டியிருந்தன.

சரி, இதைப் பிள்ளைகளுக்கு எப்படிக் காட்டுவது? டிசம்பர், ஜனவரியில் லயத்தில் தேங்காய் எண்ணெய் பாட்டிலை அடுப்போரம் வைத்து உருக்கித்தான் தலைக்குத் தேய்ப்போம். பக்கத்திலேயே நல்லெண்ணெய் ஓடிக்கொண்டிருக்கும். தேங்காய் எண்ணெயின் கொழுப்பமிலங்கள், அதாவது கொழுப்பு மூலக்கூறின் வால்கள், பெரும்பாலும் நேரானவை, நெருக்கி அடுக்கி உறைந்துவிடும். இரட்டைப் பிணைப்பு இருந்தால் வால் வளைந்து இடைவெளி விடும். தைலகாய்டில் நிறைந்திருக்கும் லினோலெனிக் அமிலத்தில் அப்படி மூன்று பிணைப்பு.

சவ்வு இப்படி இறுகாமல் இளகி இருப்பது ஏன் வேண்டும்? வெயில் படப்பட ஒளி அமைப்பு இரண்டில் டி1 என்ற புரதம் பழுதாகிக்கொண்டே இருக்கும். அதைக் கழற்றிப் புதிதை மாட்ட, சவ்வுக்குள் நகர இடம் வேண்டும். குளிரில் சவ்வு இறுகினால் பழுது பார்ப்பது தாமதமாகும், வெயிலோ காத்திருக்காது. ஜப்பானிய விஞ்ஞானி முராட்டாவின் குழு 1992இல் பூசணி இனத்து மரபணு ஒன்றைப் புகையிலையில் புகுத்தி, பாஸ்ஃபடிடைல்கிளிசரால் என்ற ஒரே கொழுப்பில் நேர்வால்களைக் கூட்டியது. செடி குளிருக்கு முன்னைவிடச் சீக்கிரம் துவண்டது.

உறைபனி விழுந்த காலையில் தேயிலை வெள்ளைப் பூச்சோடு பச்சையாகத்தான் நிற்கும். "வெயில் வரட்டும், அப்புறம் தெரியும்" என்பார் அம்மா. மத்தியானத்துக்குள் கொழுந்து பழுப்பேறிவிடும். முழுக் காரணம் சவ்வின் இறுக்கம் என்று சொல்லிவிடாதீர்கள். செல்லுக்கு வெளியே உறையும் பனிக்கட்டி உள்ளிருக்கும் தண்ணீரை இழுத்துக்கொள்ள, சவ்வுகள் ஒன்றோடொன்று நெருங்கிக் குலைவதும் சேர்ந்த கதை அது.

வருகிற ஜனவரியில் இரண்டு எண்ணெய் பாட்டிலை மேசையில் வைத்துப் பாடத்தைத் தொடங்குங்கள். கருகிய கிளை ஒன்றும் வேண்டும். அதற்கு எங்கும் அலைய வேண்டாம், வகுப்பில் பாதிப் பேரின் வீட்டு வாசலிலேயே கிடைக்கும்.

அன்புடன்,
ஒரு பழைய வாத்தியார்