செக் தோரா சுருள்களை வைத்திருக்கும் சபைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர், வணக்கம்.

இன்றைய செக் நாட்டின் பொஹீமியா, மொராவியா பகுதி ஊர்களின் யூத ஜெப ஆலயங்களைச் சேர்ந்த 1,564 தோரா சுருள்கள், அதாவது யூதர்களின் வேதத்தைக் கையால் எழுதிய தோல் சுருள்கள், 1964இல் பிராக்கிலிருந்து லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் ஜெப ஆலயத்துக்கு வந்தன. அவற்றில் ஒன்று இன்று உங்கள் பொறுப்பில் இருக்கிறது. அதைப் பார்க்க வருகிறவர்களிடம் நீங்கள் சொல்லும் கதையைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அழிந்துபோன இனத்துக்கு அருங்காட்சியகம் அமைக்க ஹிட்லர் சேர்த்துவைத்தவை இவை என்று சொல்லாதீர்கள், தயவுசெய்து. அப்படியொரு திட்டத்துக்கு நாஜி ஆவணம் எதுவும் கிடைக்கவில்லை. கேட்பவரை உலுக்குகிற கதைதான், சரி. ஆனால் காப்பாற்றியவர்களின் புண்ணியத்தை அது கொலைகாரர்களின் கணக்கில் எழுதிவிடுகிறது.

1942இல் நாஜிகள் ஊர் ஊராக யூதர்களை முகாம்களுக்கு ரயிலேற்றி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஆளில்லாத ஆலயங்களில் இருப்பதெல்லாம் சூறை போய்விடும் என்று பயந்த பிராக் யூத சமூகத்தார், அவற்றைத் தங்கள் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுவர நாஜி அதிகாரிகளிடம் அனுமதி பெற்றார்கள். சுருள்கள், அவற்றின் மேல் போர்த்தும் வெல்வெட் உறைகள், எழுத்தில் விரல் படாமல் வாசிக்க உதவும் வெள்ளிக் கோல்கள் என்று பெட்டி பெட்டியாக வந்து இறங்கின. ஒவ்வொன்றுக்கும் அட்டை போட்டு, என்ன பொருள், எந்த ஊருடையது என்று பதிந்தவர்கள் அங்கிருந்த யூத ஊழியர்கள். அடுத்த ரயில் பட்டியலில் தங்கள் பெயர் வருமோ என்ற பயத்தோடே செய்த வேலை அது. பெரும்பாலோர் உயிரோடு திரும்பவில்லை. அவர்களில் ஒருவரான யோசஃப் போலாக்கும் பிழைக்கவில்லை. தப்பிய ஹானா வொலாவ்கோவா போருக்குப்பின் அதே அருங்காட்சியகத்துக்குத் தலைமை ஏற்றார்.

அப்புறம் பல ஆண்டுகள் அந்தச் சுருள்கள் பிராக்கின் மிஹ்லே பகுதி ஆலயத்தில் ஈரம் ஏறிக் கிடந்தன. லண்டனுக்கு வந்தபின், டேவிட் பிராண்ட் என்ற தோரா எழுத்தர் பல்லாண்டுகள் உட்கார்ந்து அவற்றைச் செப்பனிட்டார்.

உங்கள் சுருளில் ஒரு எண் பொறித்திருக்கும். அது மட்டும் போதாது. ஊர் தெரிந்தால் ஊரின் பெயரையும், அங்கிருந்து கொண்டுபோகப்பட்டவர்களின் பெயர்களையும் பக்கத்தில் ஒரு பலகையில் எழுதிவையுங்கள். ஊர் தெரியாத சுருள்களும் உண்டு. அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். எதுவானாலும், பிராக்கில் அட்டை எழுதியவர்களுக்கு அந்தப் பலகையில் இரண்டு வரி ஒதுக்குங்கள். வாசிக்க முடியாத அளவு சிதைந்த சுருள் என்றால் கிடங்கில் பூட்டிவைக்காதீர்கள். தோரா வாசிப்பு ஒரு சுற்று முடிவதைக் கொண்டாடும் சிம்ஹத் தோரா திருநாள் அன்றாவது வெளியே எடுங்கள், பிள்ளைகள் கிட்ட வந்து பார்க்கட்டும்.

இப்படிக்கு,
வரலாறு வாசிக்கும் ஒரு தமிழ் வாசகர்