அடித்துக் கழற்றாதே, மா

அன்பு மகளுக்கு,

நேற்று நீ போனில் சொன்னதிலிருந்து எனக்கு அதே நினைப்புதான். பனியில் ஓட்டும் உன் ஸ்னோமொபைல் கிளம்பும்போது வெட்டி வெட்டி இழுக்கிறது, மூடியைத் திறந்தால் கறுப்புத் தூசி அப்பிக் கிடக்கிறது என்றாய். பெல்ட் தேய்ந்து உதிர்ந்த தூள் அது. பயப்பட ஒன்றுமில்லை, இரண்டு கிளட்சையும் கழற்றிச் சுத்தம் செய்யும் நேரம் வந்திருக்கிறது. இந்த முறை நீயே செய். பக்கத்தில் இருந்திருந்தால் என்ன சொல்வேனோ அதை எழுதிவிடுகிறேன்.

கியர் இல்லாத ஸ்கூட்டரில் இருக்கிற ஏற்பாடுதான் இதிலும். இரண்டு கிளட்ச், ஒவ்வொன்றிலும் எதிரெதிரே இரண்டு தட்டுகள், இரண்டையும் இணைக்கும் ஒரு பெல்ட். எஞ்சின் பக்கம் இருப்பது பிரைமரி, வண்டியை ஓட்டும் பக்கம் இருப்பது செகண்டரி. எஞ்சின் வேகமாகச் சுற்றச் சுற்ற உள்ளே இருக்கும் வெயிட்டுகள் விரிந்து ஒரு தட்டை இன்னொன்றோடு நெருக்கும், பெல்ட் மேலே ஏறும். அதே நேரம் செகண்டரியின் தட்டுகள் விலகி, அங்கே பெல்ட் உள்ளே இறங்கும். தட்டில் ரப்பர் படிந்தாலோ தட்டு நகர உதவும் உள்வளையமான புஷ் தூசியில் பிடித்துக்கொண்டாலோ இந்த அசைவு தடைபடும். உன் வண்டியின் வெட்டலுக்கு முதலில் நான் சந்தேகப்படுவது இதைத்தான்.

சாவியை எடுத்து உன் பையில் போட்டுக்கொள். பெல்ட்டைக் கழற்றும் முன் அதன் எழுத்து எந்தத் திசையில் ஓடுகிறது என்று பார்த்துவை, அப்படியேதான் திரும்பப் போட வேண்டும். பெல்ட் இல்லாமல் எஞ்சினை ஒரு நொடிகூட ஸ்டார்ட் செய்யாதே. சுமை இல்லாத எஞ்சின் தறிகெட்டுச் சுற்றும், கிளட்ச் உடைந்து சிதறலாம். எத்தனையோ தடவை சொன்னதுதான், இருந்தாலும் சொல்வேன்.

செகண்டரி சுலபம். நடு போல்ட்டைக் கழற்றினால் வந்துவிடும். அதன் வாஷர்களை மட்டும் வந்த வரிசையிலேயே ஒரு கம்பியில் கோத்து வை. இரண்டு கிளட்சும் நேர்க்கோட்டில் நிற்பது அவற்றை நம்பித்தான்.

பிரைமரிக்குத்தான் பொறுமை வேண்டும். போல்ட் வந்த பிறகும் கிளட்ச் அசையாது. எஞ்சினிலிருந்து வரும் சுழல்தண்டான கிராங்க்‌ஷாஃப்ட்டின் முனை கூம்பு வடிவம், அதில் இறுகி உட்கார்ந்திருக்கும். அதை விடுவிக்க உள்ளே முறுக்கும் நீளமான போல்ட்தான் புல்லர், அந்த வண்டிக்கே உரியதைத்தான் போட வேண்டும். நீளமும் மரையும் மாறினால் கிராங்க்கின் மரையே கெட்டுவிடும். புல்லரின் மரையிலும் நுனியிலும் கிரீஸ் தடவி, கிளட்ச் சுற்றாமல் இருக்க அதற்கான ஹோல்டரைப் போட்டு இறுக்கு. வரவில்லையா? இறுக்கம் குறையாமல் வைத்துக்கொண்டு புல்லரின் தலையில் சுத்தியலால் நேராக ஒரு தட்டு. மறுபடி கொஞ்சம் இறுக்கு. ‘டக்’கென்று ஒரு சத்தம் வரும், விட்டுவிட்டது என்று அர்த்தம். கோபத்தில் தட்டுகளை அடிப்பதோ பின்னால் கம்பி விட்டு நெம்புவதோ கூடவே கூடாது. அலுமினியம் அது, ஓரம் பெயர்ந்தால் புது கிளட்ச்தான்.

பிரைமரியின் மூடியைத் திறக்கும் முன் மார்க்கரால் மூடிக்கும் தட்டுக்கும் குறுக்கே ஒரு கோடு போடு. முதல் தடவை நான் கோடு போடாமல் திறந்து, மூடியை இடம் மாற்றி மாட்டிவிட்டேன். வேகம் ஏறியதும் வண்டியே அதிர்ந்தது. எல்லாப் பாகமும் சேர்த்து பேலன்ஸ் செய்யப்பட்டது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. திருகுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்து. உள்ளே ஸ்பிரிங் அமுங்கி இருக்கிறது, மூடியைக் கையால் அழுத்திக்கொண்டே எடு.

முகக்கவசம் போட்டுக்கொண்டு காற்றடித்துத் தூசியை விரட்டு. தட்டுகளின் முகத்தை ஸ்காட்ச் பிரைட்டால் லேசாகத் தேய்த்து, ஐசோபுரொபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துணி வெள்ளையாக வரும்வரை துடை. புஷ் இறுக்கமாகத் தெரிந்தாலும் எண்ணெய் விடாதே. எண்ணெயில் தூசி ஒட்டிப் பசையாகும், பெல்ட்டில் பட்டால் அது வழுக்கும். வெயிட்டுகள் உருண்டு நகர உதவும் சிறு உருளைகளான ரோலர்களை விரலால் உருட்டிப் பார். ஒரு பக்கம் தட்டையாகித் தடுக்கினால் மாற்ற வேண்டும். பெல்ட்டை வெந்நீரும் சோப்பும் போட்டுக் கழுவிக் காயவை.

மாட்டும்போது கூம்பையும் கிளட்சின் துளையையும் அதே ஆல்கஹாலால் துடைத்து, உலர்ந்த பிறகு மாட்டு. அடுத்த தடவை எளிதாக வரட்டும் என்று கிரீஸ் தடவிவிடாதே, அந்தப் பிடிப்பே உலர்ந்த உலோகத்தில்தான் இருக்கிறது. போல்ட்டை, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்கு. எவ்வளவு என்பதை உன் வண்டியின் மேனுவலில் பார். ஓட்டிய பிறகு மறுபடி இறுக்கச் சொல்லும் வண்டிகளும் உண்டு, அதையும் படித்துவிடு.

புல்லர் டூல் பெட்டியின் அடித்தட்டில், பழைய துணியில் சுற்றி இருக்கிறது. ரோலர்களைப் படம் எடுத்து அனுப்பு, நானும் பார்க்கிறேன். அந்த ‘டக்’ சத்தம் கேட்டதும் போன் பண்ணு, எத்தனை மணியானாலும் எடுப்பேன்.

அன்புடன்,
அப்பா