வர்க்கமூலம் இல்லாமல் கர்ணம் கணக்கிட முடியுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழந்தமிழ்ப் புலவர் என்று சொல்லப்படும் போதையனார் பெயரில் சுற்றிவரும் கர்ணக் கணக்கைப் (செங்கோண முக்கோணத்தின் சாய்ந்த பக்கத்தின் நீளத்தைக் காண்பது) பற்றி உங்கள் மாணவர் இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். செங்கோணத்தை ஒட்டிய இரண்டு பக்கங்களில் நீளமானதை எட்டாகப் பிரித்து, ஒரு பங்கைத் தள்ளிவிட்டு, மற்ற பக்கத்தில் பாதியைக் கூட்டினால் கர்ணம் வந்துவிடும், வர்க்கமூலமே தேவையில்லை என்கிற அந்தக் கணக்கு வாட்ஸ்அப்பில் பல வருடங்களாக வலம் வருவதுதான். அதோடு நிறுத்தியிருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். கணினி நிரலிலும் இதையே பயன்படுத்தினால் வேலை வேகமாக முடியும் என்று கடைசிப் பத்தியில் போட்டிருக்கிறீர்கள், அதற்குத்தான் இந்தக் கடிதம்.

நான் இணையதளம் வடிவமைக்கக் கற்றுக்கொடுக்கிறவன். என்னிடம் படிக்கும் ஒரு பையன் தகரக் கொட்டகை போடுகிறவர்களுக்காக ஒரு சின்னப் பக்கம் செய்தான். தரையில் எத்தனை அடி, உயரம் எத்தனை அடி என்று இரண்டு பெட்டிகளில் போட்டால், சரிவுக்கு எவ்வளவு நீளத் தகரம் வேண்டும் என்று சொல்லும். உள்ளே எழுதியிருந்தது இந்த எட்டில் ஒரு பங்குச் சூத்திரம்தான். 4, 3 போட்டால் 5 வருகிறது, 12, 5 போட்டால் 13 வருகிறது, பையனுக்கு ஏக சந்தோஷம். 20 அடியும் 4 அடியும் போட்டுப் பார் என்றேன். 19.5 என்று வந்தது. தரையிலேயே 20 அடி இருக்கும்போது அதற்கு மேல் சாய்வாகப் போகிற தகரம் 19.5 அடியில் எப்படி முடியும்? சரியான விடை 20.396, அதாவது 20 அடி 4¾ அங்குலம். கிட்டத்தட்ட 11 அங்குலம் குறைகிறது. அந்தக் கணக்கை நம்பித் தகரத்தை வெட்டியிருந்தால் அத்தனையும் வீண்.

இது எப்போதோ ஒருமுறை வரும் தவறு இல்லை. உயரம் நீளத்தில் கால் பங்குக்குக் குறைந்தாலே இந்தச் சூத்திரம் கர்ணத்தை அடிப்பக்கத்தைவிடச் சிறியதாகக் காட்டும். இரண்டு பக்கமும் 1 என்று வைத்தால் 1.375 தருகிறது, வரவேண்டியது 1.414. பிதாகரஸ் தேற்றத்தோடு சமன்படுத்திப் பார்த்தால் இருபடிச் சமன்பாடு ஒன்று கிடைக்கும், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளே அதைத் தீர்த்துவிடுவார்கள். உயரத்துக்கும் நீளத்துக்கும் உள்ள விகிதம் 3/4 அல்லது 5/12 ஆக இருந்தால் மட்டுமே விடை அச்சாகப் பொருந்தும், வேறு எதற்கும் பொருந்தாது. அவற்றுக்கு நடுவில் இருந்தால் கொஞ்சம் கூடுதலாகவும், வெளியே போனால் குறைவாகவும் வரும். பகிரப்படும் செய்திகளில் எப்போதும் 4-3, 8-6, 12-5 மட்டுமே உதாரணமாக இருப்பது ஏன் என்று இப்போது புரிந்திருக்கும். கட்டட வேலையில் மனக்கணக்காக ஒரு தோராயம் சொல்ல இது நல்ல வழிதான், அதை நான் மறுக்கவில்லை. தேற்றத்துக்குப் பதில் என்று சொல்வதுதான் தப்பு.

அப்புறம் அந்த வேகம். வர்க்கமூலம் எடுக்கக் கணினி திணறும் என்ற எண்ணம் இன்னும் பலருக்கு இருக்கிறது. இணையப் பக்கங்களுக்கான நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டின் முதல் தரநிலை 1997-இல் வந்தபோதே, வர்க்கமூலம் எடுக்கும் மேத்.எஸ்க்யூஆர்டி (Math.sqrt) அதில் இருந்தது. பிஎச்பி (PHP) என்ற நிரல்மொழியிலும் எஸ்க்யூஆர்டி உள்ளமைந்த செயற்கூறுதான் (function). இன்றைய செயலிகளில் வர்க்கமூலத்துக்கென்றே தனிக் கட்டளை இருக்கிறது, சாதாரண மடிக்கணினியே விநாடிக்குக் கோடிக்கணக்கில் போட்டுத் தள்ளும். விடை கடைசி இலக்கம் வரை சரியாக முழுமையாக்கப்பட வேண்டும் என்று கணினியில் தசம எண் கணக்குகளுக்கான ஐ-ட்ரிபிள்-ஈ 754 (IEEE 754) தரநிலை 1985-லேயே வகுத்துவிட்டது. இத்தனை பேர் சோதித்துப் பார்த்த ஒன்றை விட்டுவிட்டு, ஒரு பொத்தானை அழுத்தினால் ஒருமுறை ஓடுகிற கணக்கில் எந்த வேகத்தை மிச்சம் பிடிக்கப் போகிறோம்? 2015-க்குப் பிறகு மேத்.ஹைபாட் (Math.hypot) வேறு வந்துவிட்டது, இரண்டு பக்கங்களைக் கொடுத்தால் கர்ணத்தையே நேராகத் தந்துவிடும். உண்மையிலேயே வர்க்கமூலத்தைத் தவிர்க்கலாம் என்றால் அது வேறு இடம்: இரண்டு தூரங்களில் எது பெரியது என்று மட்டும் தெரிந்தால் போதுமானால் வர்க்கங்களையே ஒப்பிட்டுவிடலாம், மூலம் எடுக்கவே வேண்டாம்.

மாணவர்களுக்கு நிஜமாகச் சொல்லித்தர வேண்டியது உள்ளீட்டைப் பற்றி. பெட்டியில் தட்டுவது நிரலுக்கு எழுத்தாகத்தான் வந்து சேர்கிறது. "20 அடி" என்றோ 1,200 என்று காற்புள்ளியோடோ போட்டால் ஜாவாஸ்கிரிப்ட் அதை எண்ணாக ஏற்காது, விடை இருக்க வேண்டிய இடத்தில் என்ஏஎன் (NaN, அதாவது 'எண் அல்ல') என்று வந்து நிற்கும். அதுகூடப் பரவாயில்லை, தப்பு கண்ணில் படுகிறது. பெட்டியைக் காலியாக விட்டால் அது பூஜ்யமாகக் கொள்ளப்பட்டு ஒழுங்கான விடை போலவே ஒன்று வந்து நிற்கும், அது ஆபத்து. அதைவிட மோசம், நம் ஊரில் 12 அடி 6 அங்குலத்தை 12.6 என்று எழுதும் பழக்கம். கணினிக்கு 12 அடி 6 அங்குலம் என்பது 12.5. எந்தச் செயற்கூறாலும் இதைக் கண்டுபிடிக்க முடியாது. அடிக்கு ஒரு பெட்டி, அங்குலத்துக்கு ஒரு பெட்டி என்று பிரித்து வைக்க வேண்டியது நிரல் எழுதுகிறவரின் பொறுப்பு. அந்தப் பையன் இப்போது அப்படித்தான் மாற்றியிருக்கிறான்.

முன்னோர் பெருமை பேச வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆரியபட்டர் 499-ஐ ஒட்டி எழுதிய நூலில் வர்க்கமூலத்தை இலக்கம் இலக்கமாக எடுக்கும் முறை இருக்கிறது, எந்த எண்ணுக்கும் செல்லும், எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் கொண்டுபோகலாம். வேள்வி மேடை அளவுகளைச் சொல்லும் பழைய வடமொழி நூலான சுல்ப சூத்திரத்தில் 2-இன் வர்க்கமூலத்துக்குச் சொன்ன மதிப்பு 577/408, ஐந்து தசம இடம் வரை சரி. இவற்றை எழுதுங்கள், பிள்ளைகள் போட்டுப் பார்த்துச் சரிபார்க்கட்டும்.

அடுத்த மாணவர் இணைப்பில் ஒரு திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். 20, 4 உதாரணத்தையும், மேத்.எஸ்க்யூஆர்டி போட்டு எழுதிய நிரலையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டால் போதும். நிரல் வேண்டுமென்றால் நானே எழுதி அனுப்புகிறேன், மொத்தமே ஐந்தாறு வரிதான்.

இப்படிக்கு,
இணைய நிரலாக்கம் கற்பிக்கும் வாசகர்,
ஈரோடு.