பூரானுக்கு மருந்து அடித்தீர்கள், ஓட்டையை அப்படியே விட்டீர்கள்

முகாமையாளர் அவர்களுக்கு,

விடயம்: நோர்வூட்டில் எங்கள் ஆறு வீடுகளில் செய்த பூரான் தடுப்பு வேலை

ஐயா,

ஜூன் 12ஆம் திகதி தங்கள் ஆட்கள் வந்து மருந்து அடித்து, மூன்று மாத உத்தரவாதமும் எழுதிக் கொடுத்தார்கள். ஒன்பதாம் நாள் இரவே குளியலறையில் பூரான். அதன்பின் மேலும் நான்கு, அதில் ஒன்று பிள்ளையின் பாயில். வேலை பிழைத்த இடங்களை இங்கே எழுதுகிறோம்.

மருந்து அடித்த அன்று விடாத மழை. சுவரின் அடி ஒரு முழத்துக்கு ஊறிக் கிடந்தது. சைபர்மெத்ரின் போன்ற பூச்சிமருந்து காய்ந்த சுவரில் படிந்தால்தான் நிற்கும். நீங்கள் அடித்தது வழிந்து கானில் இறங்கியது. அந்தக் கான் தண்ணீர் காசல்ரீ நீர்த்தேக்கத்துக்குப் போகும் ஆற்றில் கலக்கிறது; மீனுக்கு இந்த வகை மருந்து கடும் நஞ்சு. அதைவிடக் கொடுமை, சமையலறைச் சுவரோரம் அடுக்கியிருந்த மிலாறு மேலேயே அடித்ததுதான். அடுப்பில் எரிக்கிற விறகு அது! அடுக்கை ஓரடி உயரத் தட்டில் ஏற்றி, சுவரைவிட்டு இரண்டடி தள்ளி வைக்கச் சொல்லியிருந்தால் மருந்தின் தேவையே குறைந்திருக்கும். பூரானின் தோல் ஈரத்தைப் பிடித்து வைக்காது, காய்ந்த இடத்தில் வதங்கிவிடும். அதனால்தான் பகலெல்லாம் விறகடியிலும் சருகடியிலும் கிடக்கிறது.

வாசலில் வைத்த கரப்பான் ஜெல்லும் வீண். பூரான் உயிருள்ள இரையைப் பிடித்துத் தின்னும், ஜெல்லைத் தொடாது. கரப்பானைக் குறைக்கத்தான் என்றால் சமையலறையில் வைத்திருக்க வேண்டும்.

ஓட்டைகளை யாரும் பார்க்கவில்லை. கதவடியில் ஒரு சென்ரிமீற்றர் இடைவெளி. பூரானின் தட்டை உடம்புக்கு அது வாசல். அங்கே ரப்பர் பட்டி தரையைத் தொட்டபடி வர வேண்டும். பசையால் ஒட்டினால் எங்கள் பனியில் சீக்கிரம் உரிந்துவிடும், திருகாணி முறுக்கித்தான் பூட்ட வேண்டும். மழைக்காலத்தில் பலகைக் கதவு ஊதும். ஆகவே பட்டியின் துளை மேல்கீழாக நீண்டு இருந்தால்தான் பிறகு ஏற்றி இறக்கலாம். குளியலறைக் கான் மூடிக்கு அடியில் துருப்பிடிக்காத நுண்வலை போடுங்கள், ஆனால் கழற்றக் கூடியதாக. முடி அடைத்தால் தண்ணீர் தேங்கி ஈரம் இன்னும் கூடும். குழாய் நுழையும் துளைகளை ஒரு பங்கு சீமெந்து, மூன்று பங்கு மணலில் பூசுங்கள். துளை அடைக்கும் நுரை (ஃபோம்) மட்டும் அடித்தால் எலி கடித்துத் திறந்துவிடும்.

14 நாட்களுக்குள், மழை விட்ட நாளில் வந்து, இந்த வேலைகளை மேலதிகக் கட்டணமின்றி முடித்துத் தாருங்கள், அல்லது முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள். மருந்துப் போத்தலின் லேபிளை அன்று கேட்டும் காட்டவில்லை. அதன் படமும் பதிவு இலக்கமும் எங்களுக்கு வேண்டும். வேலையும் முடியாமல் பணமும் திரும்பி வராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிடுவோம். பற்றுச்சீட்டுப் பிரதியும் படங்களும் இணைத்துள்ளோம்.

இப்படிக்கு,
ஆறு வீட்டுக் குடியிருப்பாளர்கள்